பெரிய மேகசின் கொண்ட போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்: தேர்ந்தெடுக்கும் முறை, வரிசைப்படி

போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் (ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் துப்பாக்கி) வாங்கப் போகிறவர்கள் குழலைப் பார்ப்பார்கள், விசையை இழுத்துப் பார்ப்பார்கள், தோளில் வைத்துப் பார்ப்பார்கள். பணம் கட்டிய பிறகுதான் “இதுக்குப் பத்துத் தோட்டா மேகசின் கிடைக்குமா?” என்ற கேள்வி, தோட்டா அடுக்கும் பெட்டியைப் பற்றிய கேள்வி, வரும். அப்போது கிடைக்கும் பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: கிடைக்காது, அல்லது ஒன்று வாங்கும் விலையில் வேறு வகையில் மூன்று வாங்கலாம்.

பெரிய மேகசின்தான் தேவை என்றால் மேகசினை முதலில் முடிவு செய்யுங்கள், துப்பாக்கியைப் பிறகு பாருங்கள். வரிசை இது: பயன், சட்டம், தோட்டா, மேகசின் வகை, துப்பாக்கி, சோதனை. இடம் மாறினால் முன்பு எடுத்த முடிவு ஒன்றைத் திரும்பக் கலைக்க வேண்டி வரும்.

இங்கே சொல்வது அமெரிக்கா, கனடா சந்தையை வைத்து. இந்தியாவில் உரிமம் துளை அளவிலிருந்தே தொடங்குகிறது; .303, 7.62 போன்ற ராணுவத் தோட்டாக்கள் அங்கே தடை செய்யப்பட்ட வகை. ஆகவே இந்தத் தேர்வு முறை அங்கே அப்படியே பொருந்தாது.

தொடங்கும் முன் கையில் வேண்டியவை

உங்கள் மாநிலத்திலோ நாட்டிலோ செல்லுபடியாகும் உரிமமும் தகுதியும் முதலில். பிறகு, தேர்ந்தெடுத்த அளவில் பத்துப் போலித் தோட்டாக்கள் (ஸ்னாப் கேப்). இரண்டு போதும் என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு. மேகசின் கோளாறு முழுதாக நிரப்பியபோதும் கடைசித் தோட்டாவிலும்தான் தெரியும், இரண்டை வைத்துப் பார்த்தால் எல்லாத் துப்பாக்கியும் நன்றாகத்தான் ஓடும். ஒரு சிறு டார்ச், ஒரு காலிப்பர், மேகசினில் எண் போட ஒரு பெயின்ட் மார்க்கர். இவ்வளவுதான்.

1. பத்து எதற்கு என்று முடிவு செய்தல்

மான் வேட்டைக்கு மூன்று முதல் ஐந்து தோட்டா போதும். நீண்ட மேகசின் அங்கே இடைஞ்சல். ரைஃபிளை ஒரு கையில் தூக்கிக்கொண்டு நடக்கும்போது எடை சமமாக நிற்கும் இடம் மேகசின் இருக்கும் இடமேதான், கை அங்கேதான் போகும். கீழே நீண்டு நிற்கும் பெட்டி கையையும் உறுத்தும், புதரிலும் மாட்டும். .308 தோட்டா ஒன்று சுமார் 25 கிராம். பத்து என்றால் கால் கிலோ, மேகசின் எடை தனி.

துல்லியப் போட்டிகளில் கணக்கு வேறு. பி.ஆர்.எஸ். (பிரிசிஷன் ரைஃபிள் சீரிஸ்) வகைப் போட்டிகளில் ஒரு சுற்றுக்கு வழக்கமாக 90 முதல் 120 விநாடிக்குள் எட்டு முதல் பன்னிரண்டு முறை சுட வேண்டும், இடையில் நிலையும் மாற வேண்டும். ஐந்து தோட்டா மேகசினோடு போனால் நடுவில் மாற்றுவதற்குச் சில விநாடிகள் போகும். அதைவிடப் பெரிய இழப்பு, குறியிலிருந்து கண் எடுப்பது.

இந்த முடிவோடு குழலையும் சேர்த்து யோசியுங்கள். வாய்ப் பக்கத்தில் 0.6 அங்குலம் அளவே உள்ள மெல்லிய வேட்டைக் குழலில் பத்துத் தோட்டாவை அடுத்தடுத்துச் சுட்டால் குழல் சூடேறி, குண்டு விழும் இடம் நகரத் தொடங்கும். ஸ்கோப்பின் முன்னால் கானல் ஆடும். மெல்லிய குழலோடு பத்துத் தோட்டா மேகசின் என்பது பாதிக் கொள்முதல்தான். வேகமாகச் சுடப் போகிறீர்கள் என்றால் கனமான குழல் வேண்டும், துப்பாக்கியின் எடையும் அதற்கேற்ப ஏறும்.

2. சட்ட வரம்பைச் சரிபார்த்தல்

“போல்ட் ஆக்‌ஷன்தானே, மேகசின் வரம்பு செமி ஆட்டோவுக்குத்தானே” என்று பலர் நினைக்கிறார்கள் (செமி ஆட்டோ என்பது ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டா தானே ஏறும் துப்பாக்கி). எல்லா இடத்திலும் அப்படி இல்லை.

அமெரிக்காவில் கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, வாஷிங்டன் மாநிலம் போன்றவற்றில் வரம்பு 10. கொலராடோவில் 15. இந்தச் சட்டங்கள் மேகசினையே பார்க்கின்றன, அதை எந்தத் துப்பாக்கியில் போடுகிறீர்கள் என்பதையல்ல. பத்துத் தோட்டா மேகசினின் அடியில் இரண்டு தோட்டா கூட்டும் நீட்டிப்பைப் பொருத்தினால், கலிபோர்னியாவில் அது தடை செய்யப்பட்ட மேகசின் ஆகிவிடும். போட்டிக்காரர்கள் இணையத்தில் காட்டும் 12 தோட்டா அமைப்பை அப்படியே வாங்கிவிடாதீர்கள். வேட்டைக்குத் தனித் தோட்டா வரம்பு வைத்திருக்கும் மாநிலங்களும் உண்டு. வேட்டை விதிப் புத்தகத்தைத் தனியாகப் பாருங்கள்.

கனடாவில் இன்னொரு திருப்பம், டொராண்டோ பக்கத்து வாசகர்கள் இதை இரண்டு முறை படிக்கலாம். கையால் இயக்கும் நீளத் துப்பாக்கிகளின் மேகசினுக்கு அங்கே பொதுவாக வரம்பு இல்லை. செமி ஆட்டோ சென்டர்ஃபயர் (பற்றவைப்பு மருந்து தோட்டா அடியின் நடுவில் உள்ள வகை) ரைஃபிளுக்கு ஐந்து. ஆனால் அந்த மேகசின் எந்தத் துப்பாக்கிக்காக வடிவமைக்கப்பட்டது என்பதே கணக்கு, எதில் மாட்டப்பட்டிருக்கிறது என்பதல்ல. போல்ட் ரைஃபிளுக்கென்றே வந்த ஏ.ஐ.சி.எஸ். வகையில் (விளக்கம் 4-ஆம் படியில்) பத்து வைத்துக்கொள்ளலாம். அதே போல்ட் ரைஃபிளில், செமி ஆட்டோ ரைஃபிளான ஏ.ஆர்-15-இன் மேகசின் போட்டால் ஐந்துதான். ஏ.ஆர். மேகசின் ஏற்கும் போல்ட் ரைஃபிள்கள் அமெரிக்காவில் மலிவான நல்ல தேர்வு, கனடாவில் அதன் பயனே போய்விடுகிறது.

ரிம்ஃபயரிலும் (பற்றவைப்பு மருந்து அடியின் விளிம்பில் உள்ள .22 போன்ற தோட்டாக்கள்) இதே தர்க்கம் கடிக்கும். ரூகர் 10/22 வகையின் 25 தோட்டா மேகசின் அதே நிறுவனத்தின் சார்ஜர் கைத்துப்பாக்கிக்கும் பொருந்துவதால், கனடா காவல்துறை அதைப் பத்து வரம்புக்குள் வைக்கிறது.

சட்டம் மாறிக்கொண்டே இருக்கும். வாங்கும் வாரத்தில் அரசின் பக்கத்தை நேரடியாகப் பாருங்கள், கடைக்காரரின் வாய்மொழி போதாது.

3. தோட்டாவைத் தேர்ந்தெடுத்தல்

எத்தனை தோட்டா அடங்கும் என்பதைத் தோட்டாவின் அடிப்பாகத்தின் அகலம் தீர்மானிக்கிறது. .223 ரெமிங்டனுக்கு அடி விட்டம் சுமார் 0.378 அங்குலம். .308, 6.5 கிரீட்மூர், .30-06 எல்லாவற்றுக்கும் 0.473. .300 வின்செஸ்டர் மேக்னத்துக்குப் பட்டையோடு 0.532. விட்டம் கூடக் கூட அதே உயரப் பெட்டியில் எண்ணிக்கை குறையும். அதனால்தான் .308-இல் பத்து சாதாரணம், மேக்னத்தில் ஐந்து, ஏழு என்று நின்றுவிடுகிறது.

அடுத்தது நீளம். .308-இன் தொழில் தர உச்ச நீளம் 2.810 அங்குலம், 6.5 கிரீட்மூருக்கு 2.825, .223-க்கு 2.260, .30-06-க்கும் .300 வின் மேக்னத்துக்கும் 3.340. ஆக்‌ஷன் என்பது போல்ட் ஓடும் உடற்பகுதி, அது தோட்டா நீளத்துக்கேற்ப இரண்டு அளவில் வரும்: முதல் மூன்றும் ஷார்ட் ஆக்‌ஷன், கடைசி இரண்டும் லாங் ஆக்‌ஷன்.

பெரிய மேகசின் வேண்டுமென்றால் ஷார்ட் ஆக்‌ஷனிலேயே இருங்கள். சந்தை அங்கேதான் இருக்கிறது. .30-06, .270 போன்றவற்றுக்குப் பத்துத் தோட்டா மேகசின் தேடினால் ஒன்றிரண்டு தயாரிப்பாளர்களோடு நிற்பீர்கள், விலையும் அவர்கள் வைத்ததுதான். அப்பாவின் .30-06 மேல் பற்று இருக்கலாம், அதை வேட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

புதியவருக்கு எங்கள் பரிந்துரை: தொலைவு 600 கெஜத்துக்குள் என்றால் .223, அதற்கு மேல் 6.5 கிரீட்மூர். .308 நல்ல தோட்டாதான், ஆனால் உதை அதிகம். பத்துத் தோட்டாவைத் தொடர்ந்து சுடும்போது ஆறாவதிலிருந்து தோள் முந்திக்கொண்டு சுருங்க ஆரம்பிக்கும்.

4. மேகசின் வகையைத் தேர்ந்தெடுத்தல்

மொத்த வழிகாட்டியிலும் முக்கியமான படி இதுதான். இங்கே தவறினால் திருத்துவது கடினம்.

*ஏ.ஐ.சி.எஸ். வகை.* பிரிட்டனின் அக்யுரசி இன்டர்நேஷனல் நிறுவனம் தன் சேசிஸுக்காக (மரக்கட்டைக்குப் பதிலான உலோகச் சட்டம்) உருவாக்கியது, இன்று வட அமெரிக்காவில் கிட்டத்தட்டப் பொதுத் தரம். பத்துத் தோட்டா மேகசினில் தோட்டாக்கள் உள்ளே இரு பக்கமும் மாறி மாறி அடுக்கப்பட்டு, மேலே வரும்போது நடுவில் ஒன்றாகக் குறுகும். ரேஷன் கடையில் இரண்டு வரிசையாக நின்று கவுன்டரில் ஒரே வரிசை ஆவதுபோல. தோட்டா எப்போதும் நடுவிலிருந்தே அறைக்குள் போவதால் பாதை நேராக இருக்கும், சிக்கல் குறைவு. குறை என்னவென்றால் பெட்டி நீளமாகக் கீழே தொங்கும். மேக்புல், எம்.டி.டி., அக்யுரேட் மேக் எனப் பலர் செய்கிறார்கள். பிளாஸ்டிக் மேகசின் உலோகத்தைவிட ஏறத்தாழப் பாதி விலை.

உள் நீளத்தைக் கவனியுங்கள். சில உலோக மேகசின்களில் முன்புறம் ஒரு உள்தகடு இருக்கும், பைண்டர் பிளேட் என்பார்கள். அது இருந்தால் உள்ளே அடங்கும் தோட்டா நீளம் சுமார் 2.85 அங்குலம், இல்லாவிட்டால் சுமார் 2.95. கடையில் வாங்கும் தோட்டா இரண்டிலும் போகும். சொந்தமாகத் தோட்டா நிரப்பி, நீளமான குண்டை வெளியே தள்ளி அமர்த்துகிறவர் தகடு இல்லாததைத்தான் வாங்க வேண்டும்.

*ஏ.டபிள்யூ. வகை.* அதே நிறுவனத்தின் ராணுவ ரைஃபிளுக்கானது. தோட்டா மேலேயும் இடது, வலது என மாறி மாறி வெளியேறும். பெட்டி அகலம் அதிகம், அதனால் பத்துத் தோட்டாவுக்கும் குட்டையாக இருக்கும், படுத்துச் சுட வசதி. ஆனால் ஆக்‌ஷனிலும் மேகசின் குழியிலும் அதற்கேற்ற வெட்டு வேண்டும். விலையும் அதிகம். முதல் ரைஃபிளுக்குத் தேவையில்லை. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் ஏ.ஐ.சி.எஸ். குழிக்கு இதை வாங்கி வந்து திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு.

*ஏ.ஆர்-15 வகை.* .223, .300 பிளாக்அவுட்டுக்கு. மலிவு, எங்கும் கிடைக்கும். எல்லை அதன் நீளம்தான். 2.26 அங்குலத்தை ஒட்டியே உள் இடம் முடிந்துவிடும், ஆகவே 77 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) வரையிலான, மேகசின் நீளத்துக்கு நிரப்பிய தோட்டாக்கள் போகும். வெளியே நீட்டி அமர்த்த வேண்டிய 80 கிரெய்னுக்கு மேற்பட்ட குண்டுகள் போகாது. நீண்ட தொலைவுக்கு .223 என்று திட்டமிட்டால் .223-க்கான ஏ.ஐ.சி.எஸ். மேகசின் எடுங்கள். வெளிப்பெட்டி .308 அளவிலேயே இருக்கும், உள்ளே மட்டும் .223-க்கு ஏற்றபடி செய்யப்பட்டிருக்கும்.

*எஸ்.ஆர்-25 வகை.* .308 செமி ஆட்டோவுக்கானது. “ஏ.ஆர்-10 மேகசின்” என்று பொதுப்பெயரில் விற்கப்படுவதால் குழப்பம். எஸ்.ஆர்-25, டி.பி.எம்.எஸ். இரண்டும் ஒரே வடிவம். ஆர்மலைட் தன் ஏ.ஆர்-10பி-க்கு எம்-14 மேகசினை மாற்றிச் செய்தது வேறு வடிவம், ஒன்றில் மற்றது போகாது. உறையில் எஸ்.ஆர்-25 என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

*நிறுவனத்தின் சொந்த வகை.* டிக்கா, ஹோவா மினி ஆக்‌ஷன் போன்றவை. தரம் நன்றாகவே இருக்கும். ஒரே கேள்வி: பத்தாண்டுக்குப் பிறகும் இந்த மேகசின் கிடைக்குமா, இன்று மூன்று வாங்கும் செலவு என்ன? அந்தச் செலவைத் துப்பாக்கி விலையோடு கூட்டி ஒப்பிடுங்கள். மலிவாகத் தெரிந்த ரைஃபிள் பல நேரம் இந்தக் கூட்டலில் தோற்றுவிடும்.

5. துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தல்

வகை முடிவானால் பட்டியல் தானாகச் சுருங்கிவிடும்.

ஏ.ஐ.சி.எஸ். என்றால் பெர்காரா பி-14 எச்.எம்.ஆர்., சாவேஜ் 110 டாக்டிகல், ரூகர் கன்சைட் ஸ்கவுட் ஆகியவை நேரடியாக ஏற்கும். ஸ்கவுட் 2011-இல் வந்தபோதே பத்துத் தோட்டா மேகசினோடு வந்தது. பெர்காராவோடு ஐந்து தோட்டா மேகசின் வரும். பத்து தனியே வாங்க வேண்டும், அதையும் கணக்கில் சேருங்கள். 2015-இல் வந்த ரூகர் பிரிசிஷன் ரைஃபிள் ஏ.ஐ.சி.எஸ்., எஸ்.ஆர்-25 இரண்டையும் ஏற்கும் குழியோடு வந்தது. ஏற்கெனவே எஸ்.ஆர்-25 மேகசின்கள் வைத்திருப்பவருக்கு அது லாபம்.

ஏ.ஆர்-15 மேகசின் ஏற்பவற்றில் ரூகர் அமெரிக்கன் ராஞ்ச் (5.56, .300 பிளாக்அவுட்), மாஸ்பர்க் எம்.வி.பி. இரண்டும் தெரிந்தவை. ஏ.ஆர். மேகசினின் உதடுகளுக்கு (தோட்டாவைப் பிடித்திருக்கும் மேல் விளிம்புகள்) நடுவே தோட்டாவைத் தள்ளப் போல்ட்டுக்கு இடம் குறைவு. மாஸ்பர்க் அதற்காகப் போல்ட் முகத்தின் அடியில் கீழே தொங்கும் சிறு தள்ளுநாக்கை வைத்தது. பழைய எம்.வி.பி. வாங்கினால் அந்த நாக்கு வளையாமல், தடையின்றி அசைகிறதா என்று பாருங்கள். அதன் 7.62 வடிவம் எம்-14 மேகசின், எஸ்.ஆர்-25 மேகசின் இரண்டையும் ஏற்கும்.

டிக்கா டி3எக்ஸ் டாக் ஏ1 ஆக்‌ஷன் வழவழப்பில் இந்த வரிசையில் மேலே. மேகசின் அதன் சொந்தம். காசு தடையில்லை என்றால் குறை சொல்ல முடியாது.

.22 ரிம்ஃபயரில் பழகத் தொடங்குபவருக்கு ரூகர் அமெரிக்கன் ரிம்ஃபயர் எளிய வழி, 10/22 மேகசின்கள் அப்படியே பொருந்தும். பெர்காரா பி-14ஆர் .22-ஆக இருந்தாலும் மேகசின் வெளி அளவு ஏ.ஐ.சி.எஸ். போலவே இருக்கும். பின்னால் பெரிய ரைஃபிளுக்கு மாறும்போது கை தடுமாறாது.

பழைய லீ-என்ஃபீல்ட் பற்றியும் கேட்பார்கள். பத்துத் தோட்டா, வேகமான போல்ட், உண்மைதான். ஆனால் .303 விளிம்புள்ள தோட்டா. நிரப்பும்போது ஒவ்வொன்றின் விளிம்பும் கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போனால் இரண்டும் கோத்துக்கொண்டு நிற்கும். அதன் மேகசின் கழற்றி மாற்றி மாற்றிப் போடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல, ஐந்தைந்தாகச் சார்ஜர் கிளிப்பால் (தோட்டாக்களைக் கோத்த தகடு) மேலிருந்து நிரப்புவதற்கு. சேகரிப்பாளரின் துப்பாக்கி அது.

6. கடையில் செய்ய வேண்டிய சோதனை

முதலில் துப்பாக்கி காலி என்பதை நீங்களே பாருங்கள். மேகசினைக் கழற்று, போல்ட்டைப் பின்னால் இழு, அறைக்குள் கண்ணாலும் விரலாலும் பார். இந்த வரிசை மாறக் கூடாது. மேகசினைக் கழற்றியதும் துப்பாக்கி காலி என்று எண்ணுவதுதான் கழற்றும் மேகசின் துப்பாக்கிகளில் புதியவர் செய்யும் மிக ஆபத்தான தவறு. அறைக்குள் ஒரு தோட்டா அப்படியே இருக்கும்.

பிறகு கடைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போலித் தோட்டாக்களால் இவற்றைச் செய்யுங்கள்.

முழு மேகசினை, போல்ட் மூடிய நிலையில் மாட்டுங்கள். போல்ட் திறந்திருக்கும்போது எல்லா மேகசினும் எளிதாகப் போகும். மூடியிருக்கும்போது மேல் தோட்டா போல்ட்டின் அடியில் முட்டிக் கொஞ்சம் கீழே இறங்கியாக வேண்டும். பத்து நிரப்பியதும் மேல் தோட்டாவை விரலால் அழுத்திப் பாருங்கள். அசையவே இல்லை என்றால் மூடிய போல்ட்டில் மேகசின் பூட்டாது, பூட்டியதுபோல் நின்று சுடும் நேரத்தில் கீழே விழும். மாட்டியதும் கீழ்நோக்கி ஒருமுறை இழுத்துப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள்.

டார்ச்சை மேல் திறப்பின் வழியே அடித்து, போல்ட்டின் கீழ் விளிம்பு தோட்டாவின் அடியை எவ்வளவு பிடிக்கிறது என்று பாருங்கள். ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்காவது பிடிக்க வேண்டும். மேகசினைக் கையால் கீழே இழுத்துக்கொண்டும் மேலே தள்ளிக்கொண்டும் இதையே பாருங்கள். இழுத்தபோது பிடிப்பு போய்விட்டால், மேகசின் தடுப்புக் கட்டையில் (போட்டியில் துப்பாக்கியைச் சாய்த்துச் சுடும் கட்டை) உரசும் நேரத்தில் போல்ட் தோட்டாவுக்கு மேலாக வழுக்கிக்கொண்டு போகும். தள்ளியபோது போல்ட் மேகசின் உதட்டில் உராய்ந்தால் மேகசின் மிக உயரமாக நிற்கிறது.

பத்தையும் மூன்று வேகங்களில் ஓட்டுங்கள்: மெதுவாக, சாதாரணமாக, முழு வேகத்தில். மெதுவாக ஓட்டும்போது தெரியும் சிக்கல் பாதைக் குறை, வேகத்தில் மட்டும் வருவது மேகசின் ஸ்பிரிங் பின்தங்குவது. முதல் தோட்டாவையும் கடைசித் தோட்டாவையும் கூடுதலாகக் கவனியுங்கள். முதலில் அழுத்தம் மிக அதிகம், கடைசியில் மிகக் குறைவு.

மேகசின் விடுவிப்பு நெம்புகோல் எங்கே இருக்கிறது? கையுறையோடு எட்டுகிறதா? விசைக் காப்பின் முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது வேகமானது, ஆனால் துப்பாக்கியைத் தாங்கும் பையின் மேல் வைக்கும்போது தானே அழுந்தி மேகசினைக் கழற்றிவிடும். கடை மேசையில் ஒரு பையைப் போட்டு அதன் மேல் வைத்துப் பாருங்கள். அதோடு பைபாடை (துப்பாக்கியின் முன்பக்க இரு கால் தாங்கி) குறைந்த உயரத்தில் வைத்து, நீண்ட மேகசின் தரையில் முட்டுகிறதா என்றும் பாருங்கள். பத்துத் தோட்டா ஏ.ஐ.சி.எஸ். போட்டால் 6–9 அங்குல பைபாட் வேண்டி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ரெமிங்டன் 700 என்றால் ஒரு கூடுதல் வேலை: எக்ஸ்-மார்க் புரோ விசை உள்ள, 2006 மே முதல் 2014 ஏப்ரல் தொடக்கம் வரை செய்யப்பட்டவை திரும்பப் பெறும் அறிவிப்புக்கு உட்பட்டவை. விசை மாற்றப்பட்டதற்கான ஆதாரம் இல்லாமல் வாங்காதீர்கள்.

7. மேகசின்கள் வாங்குதல்

மூன்று வாங்குங்கள். ஒன்று கெட்டால் இரண்டு இருக்கும். அதைவிட முக்கியம், கோளாறு வந்தால் துப்பாக்கியிலா மேகசினிலா என்று பிரித்துப் பார்க்கக் குறைந்தது இரண்டு வேண்டும். முதலில் இரண்டு தயாரிப்பாளரிடமிருந்து ஒவ்வொன்று வாங்கி, உங்கள் குழியில் எது ஆடாமல் நிற்கிறதோ அதிலேயே மூன்றாவதை எடுங்கள்.

எல்லாவற்றிலும் எண் எழுதுங்கள். “ஏதோ ஒண்ணு சிக்குது” என்பதும் “2-ஆம் எண் கடைசித் தோட்டாவில் சிக்குது” என்பதும் ஒன்றல்ல, இரண்டாவதைத்தான் சரிசெய்ய முடியும்.

8. ரேஞ்சில் முதல் நாள்: கோளாறும் காரணமும்

ஒவ்வொரு மேகசினிலும் முதலில் ஐந்து, பிறகு பத்து. வந்தவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

போல்ட் தோட்டாவை எடுக்காமல் மேலே வழுக்கிப் போகிறதா? முதலில் உங்கள் கையைச் சந்தேகியுங்கள். போல்ட்டை முழுதாகப் பின்னால் இழுக்காததே முக்கால்வாசி நேரம் காரணம். படுத்த நிலையில் போல்ட் கன்னத்தை நோக்கி வருவதால் புதியவர்கள் தம்மையறியாமல் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். கை சரி என்றால், மேகசின் தாழ்வாக நிற்கிறது. சேசிஸில் பூட்டு உயரத்தை மாற்ற முடிந்தால் சிறிது உயர்த்துங்கள். அதற்கு முன் ஆக்‌ஷன் திருகுகள் தயாரிப்பாளர் சொன்ன முறுக்கில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அலுமினிய சேசிஸில் 65 அங்குல-பவுண்டு வழக்கமான அளவு. திருகு தளர்ந்தால் ஆக்‌ஷனுக்கும் மேகசினுக்கும் இடைவெளி மாறிவிடும்.

குண்டின் முனை கீழே குத்தி மேகசின் முன்சுவரில் முட்டினால், தோட்டாவைப் பின்சுவரோடு ஒட்ட நிரப்பவில்லை, அல்லது உள்ளே இருக்கும் தாங்குதட்டு சாய்கிறது. ஒவ்வொரு தோட்டாவையும் அழுத்திய பிறகு மேகசினின் முதுகை உள்ளங்கையில் ஒருமுறை தட்டுங்கள். தட்டியும் தொடர்ந்தால் மேகசினைக் கழற்றி, ஸ்பிரிங் தலைகீழாகப் பொருத்தப்படவில்லையா என்று பாருங்கள். சுத்தம் செய்தபின் நடக்கும் தவறு அது.

இரண்டு தோட்டா ஒரே நேரத்தில் முட்டிக்கொள்வது மேகசின் குறையல்ல. ரெமிங்டன் 700 போன்ற ஆக்‌ஷன்களில் போல்ட் முழுதாக மூடும் வரை எக்ஸ்ட்ராக்டர் (தோட்டாவை வெளியே இழுக்கும் கொக்கி) தோட்டாவைப் பிடிக்காது. பாதி தள்ளிவிட்டுப் பின்னால் இழுத்தால் முதல் தோட்டா அறையிலேயே கிடக்கும், அடுத்தது அதன் பின்னால் போய் முட்டும். அந்த நேரத்தில் பலமாகத் தள்ளாதீர்கள்: முன்னால் இருக்கும் தோட்டாவின் பிரைமரின் (அடியில் உள்ள பற்றவைக்கும் மூடி) மேல் பின்தோட்டாவின் முனை நிற்கும். துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் வைத்து, மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து இரண்டையும் எடுங்கள். இனி தள்ளத் தொடங்கினால் மூடும் வரை நிறுத்தாதீர்கள்.

தடுப்புக் கட்டையில் சாய்த்துச் சுடும்போது மட்டும் சிக்கினால், கட்டை மேகசினை முன்னோ பின்னோ தள்ளுகிறது. மேகசினைத் தாங்கலாகப் பயன்படுத்தாமல், அதற்கு முன்னால் உள்ள தடுப்பு விளிம்பைப் பயன்படுத்துங்கள்.

9. இருக்கும் துப்பாக்கியை மாற்றி அமைத்தல்

கையில் ஏற்கெனவே ஷார்ட் ஆக்‌ஷன் ரெமிங்டன் 700 இருந்தால் புதிதாக வாங்க வேண்டியதில்லை. அதன் உட்பெட்டி .308-இல் நான்கு தோட்டாதான் கொள்ளும். மூன்று வழி உண்டு.

எளியது மேக்புல் ஹன்டர் 700 ஸ்டாக்கும் (தோளில் வைக்கும் கட்டை) அதற்கான மேகசின் குழியும். வீட்டிலேயே இரண்டு திருகுகளில் முடிந்துவிடும். அடுத்து முழு அலுமினிய சேசிஸ். எடை கூடும், விலையும் கூடும், ஆனால் பூட்டு உயரம் சரிசெய்ய முடியும். மூன்றாவது, இருக்கும் மரக்கட்டையிலேயே எம்5 வகை அடித்தகட்டைப் (மேகசின் குழியும் விசைக் காப்பும் சேர்ந்த உலோகத் துண்டு) பதிப்பது. அழகாக இருக்கும், ஆனால் கட்டையைச் செதுக்க வேண்டும், அது துப்பாக்கி மெக்கானிக் வேலை. அரை மில்லிமீட்டர் ஆழம் தவறினால் மேகசின் உயரமே தவறிவிடும், பிறகு 8-ஆம் படியின் கோளாறுகள் எல்லாம் வரிசையாக வரும்.

வாங்கும் முன் ஆக்‌ஷன் நீளத்தோடு ஸ்டாக்கின் குழல் பள்ளத்தையும் பாருங்கள். கனமான குழலுக்கு வேட்டை ஸ்டாக்கின் பள்ளம் போதாமல் போகலாம். மேகசின் பொருந்தி, குழல் உரசினால் குறி எங்கே போகும் என்று சொல்லவே முடியாது. பொருத்தி முடித்ததும் ஒரு காகிதத் துண்டைக் குழலுக்கும் ஸ்டாக்குக்கும் இடையே நுழைத்து, ஆக்‌ஷன் வரை தடையில்லாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். திருகுகளை முறுக்குக் கருவியால் இறுக்கி, 6-ஆம் படியின் போலித் தோட்டாச் சோதனையை முதலிலிருந்து செய்யுங்கள்.